கோச் ஆக ஆசையா? முதலில் ஒரு சம்பள வேலையைப் பிடியுங்கள்

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை, "நான் கூடைப்பந்து கோச் ஆகப்போறேன்" என்று வீட்டில் சொன்னால், அம்மா கேட்கும் முதல் கேள்வி: "மாசம் எவ்வளவு வரும்?" அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தொழிலில் இறங்குகிறவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.

மலேசியாவில் ஒரு கல்லூரி அணியையோ பல்கலைக்கழக அணியையோ பயிற்றுவிப்பதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்: பள்ளி ஆசிரியர், விரிவுரையாளர், பல்கலைக்கழக விளையாட்டு மையத்தின் அதிகாரி, வங்கி ஊழியர், விளையாட்டுச் சாமான் கடைக்காரர். மாலை ஐந்தரைக்கு மேல்தான் விசில் கழுத்தில் ஏறும். அதனால் கோச் ஆவது எப்படி என்று கேட்பதற்கு முன், எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கோச் ஆவது என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவு சரியாக அமைந்தால் மற்றது எல்லாம் நடக்கும். அது தவறினால், எவ்வளவு திறமை இருந்தாலும் முப்பது வயதில் களைத்துப்போய் விசிலைக் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் திரையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். அங்கே அது தனி உலகம். பெரிய பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநருக்கு ஆண்டுக்கு மில்லியன் கணக்கில் டாலர். அவருக்குக் கீழே துணைப் பயிற்றுநர்கள், ஆட்டக் காணொளிகளை வெட்டித் தொகுப்பவர், பயண ஏற்பாடு கவனிப்பவர், முதுகலை படித்துக்கொண்டே எடுபிடி வேலை செய்யும் உதவியாளர் என்று ஏறிப்போக ஒரு படிக்கட்டே உண்டு. ஆனால் அந்தப் படிக்கட்டின் உச்சியைத் தொட்ட ஜான் வுட்டனும் ஆங்கில வாத்தியாராகத்தான் தொடங்கினார். 1932-இல் கென்டக்கி மாநிலத்தின் டேட்டன் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே அணியைப் பார்த்துக்கொண்டார். முதல் பருவத்தில் ஆறு வெற்றி, பதினொரு தோல்வி. 1948-இல் கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனவருக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1964-இல். பிறகு 1975-க்குள் மொத்தம் பத்துப் பட்டங்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் கணக்கு இன்னும் வேடிக்கை: கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60 ஆட்டங்களில் தோற்றது.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் ஆள் வேண்டுமென்றால் ராய் ரானாவைப் பாருங்கள். இந்திய வம்சாவளிக் கனடியர். டொரோண்டோவின் ஈஸ்டர்ன் காமர்ஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். 2009-இல் ரயர்சன் பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் ஆனார். 2017-இல் கெய்ரோவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கனடாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 2019-இல் என்பிஏ-வின் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்குத் துணைப் பயிற்றுநராகப் போனார். 2023 உலகக் கோப்பையில் எகிப்து அணியின் தலைமைப் பயிற்றுநர் அவர். பள்ளிச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான் ஆரம்ப ஆண்டுகளில் அவரால் அவசரப்படாமல் கற்றுக்கொள்ள முடிந்தது என்பது என் கணிப்பு.

தாப்பாவிலிருந்து கிளம்பினால்

இனி நம் ஊருக்கு வருவோம். பேராக்கின் தாப்பாவுக்கு விளையாட்டுப் பெருமை இல்லாமல் இல்லை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவரும், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்றவருமான எம். ராஜாமணி இந்த ஊரில் பிறந்தவர். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில் வாங்கியவரும் அவர்தான். ஆனால் தோட்டப்புறத் தமிழர்களுக்கு விளையாட்டு என்றால் ஓட்டம், கால்பந்து, சடுகுடு. கூடைப்பந்து லயத்துப் பக்கம் வரவே இல்லை. காரணம் எளிது. தோட்டத்தில் புல் திடல் கிடைத்தது, சிமெண்டுத் தளம் கிடைக்கவில்லை.

சிமெண்டு எங்கே இருந்ததோ அங்கேதான் கூடைப்பந்து வேர்விட்டது. சீனப் பள்ளி வளாகங்களிலும், அவசரகாலத்தில் 1950-க்குப் பிறகு உருவான புதுக்கிராமங்களிலும். இன்றும் கம்பார், பீடோர், தாப்பா வட்டாரத்தில் இந்த ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. போட்டி நடத்துவது, கோப்பைக்குக் காசு திரட்டுவது, விளக்குக்கு மின்கட்டணம் கட்டுவது எல்லாமே பெரும்பாலும் சீனச் சங்கங்கள். மலேசியக் கூடைப்பந்து சங்கம், அதாவது மாபா, அதன் கீழே மாநிலச் சங்கம், அதற்கும் கீழே ஊர்க் குழுக்கள் என்று அமைப்பு போகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலவரத்தைச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் தலையெடுக்க நினைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மூன்று மொழி வேண்டும். சங்கக் கடிதமும் தேர்வும் மலாயில். தளத்தில் கேட்கும் சத்தம் மண்டரினிலோ கண்டனீசிலோ. உலகத் தரப் பயிற்சிக் காணொளிகள் ஆங்கிலத்தில். சீனப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு படி முன்னுரிமை இயல்பாகவே கிடைக்கிறது. மற்றவர்கள் தளத்தில் அடிக்கடி காதில் விழும் முப்பது சொற்களையாவது பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்: இடது, வலது, திரும்பு, தடு, பின்னால் ஆள், விடு.

நம்மவர்கள் மேலே போனதில்லையா என்றால், போயிருக்கிறார்கள். சத்தியசீலன் குப்புசாமியும் குகனேஸ்வரன் பத்துமலையும் ஆசியான் கூடைப்பந்து லீக்கில் மலேசியாவின் டிராகன்ஸ் அணிக்கு ஆடினார்கள். கலைமதி ராஜிந்திரன் தேசியப் பெண்கள் அணியில் ஆடினார். அந்த டிராகன்ஸ் அணி 2016-இல் லீக் கோப்பையை வென்றபோது தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் பிலிப்பீன்ஸ்காரரான ஏரியல் வங்குவார்டியா. ஆட்டக்காரர்களை உள்ளூரில் தேடும் சங்கங்கள் கோச்சைக் கடல் கடந்து தேடுகின்றன என்றால், உள்ளூர்க் கோச்சுகளுக்கு மேல்தட்டில் இடம் காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே நுழைய ஒரு சுருக்குவழி சொல்கிறேன். தளத்துக்குப் போய் "நான் பயிற்சி கொடுக்கிறேன்" என்று கேட்காதீர்கள். யாரும் கொடுக்க மாட்டார்கள். "மேசையில் உட்காரட்டுமா?" என்று கேளுங்கள். புள்ளி எழுதுகிறவர், கடிகாரம் பார்க்கிறவர், 24 விநாடிக் கருவியை அழுத்துகிறவர் ஆகிய மூன்று பேருக்கு ஒவ்வொரு போட்டியிலும் பஞ்சம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நேரத்துக்கு வந்து, கோபப்படாமல் நான்கு ஆட்டங்களுக்குப் புள்ளி எழுதுகிற இளைஞனை எந்தச் சங்கமும் மறக்காது. அதோடு, ஆட்டத்தை இரண்டு பக்கத்துப் பெஞ்சுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய படிப்பு. எந்தக் கோச் எந்த நேரத்தில் ஆள் மாற்றுகிறார், ஐந்தாவது பவுலுக்கு முன் யாரை உட்கார வைக்கிறார், நடுவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும். அடுத்த படி நடுவர் தேர்வு. நடுவராக இருந்த கோச்சுக்கு விதிப்புத்தகம் மனப்பாடம். அது இல்லாத கோச், கத்துகிற கோச்.

எங்கே படிப்பது

தாப்பாவில் யுஐடிஎம் வளாகம் இருக்கிறது. ஆனால் அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. ஆகவே நம் பிள்ளைகள் வடக்கே கம்பார், ஈப்போ, தெற்கே தஞ்சோங் மாலிம் என்றுதான் யோசிக்க வேண்டும்.

தஞ்சோங் மாலிமில் இருப்பது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், எல்லாரும் உப்சி என்பது. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம். விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றுநர் கல்விக்கும் அங்கே தனிப் புலமே உண்டு. தாப்பா ரோட்டில் ஈடிஎஸ் ஏறினால் தஞ்சோங் மாலிமில் இறங்கிக்கொள்ளலாம். வாராவாரம் வீட்டுக்கு வந்துபோகும் தூரம். கூடைப்பந்து கோச் ஆக நினைப்பவருக்கு, என்னைக் கேட்டால், இதுதான் முதல் விண்ணப்பம். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, யுபியூ வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உடற்தகுதிச் சோதனையும் நேர்முகமும் இருக்கக்கூடும் என்று எதிர்பார்த்து, விண்ணப்பிக்கும் மாதத்திலிருந்தே ஓட ஆரம்பியுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு அறிவியல் உண்டு.

இன்னொரு பாதை ஆசிரியர் பயிற்சிக் கழகம், அதாவது ஐபிஜி. தமிழ்ப்பள்ளி ஆசிரியராகி, உடற்கல்வியையும் எடுத்துக்கொண்டு, மாலையில் அணி நடத்துவது. அரசுச் சம்பளம், ஓய்வு நேரம், மாணவர்கள், திடல் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். வுட்டனும் ரானாவும் போன வழி இதுதான்.

மூன்றாவது, பலர் கவனிக்காமல் விடுவது: பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையத்தில் நிர்வாக வேலை. 'பெகாவாய் பெலியா டான் சுக்கான்', இளைஞர் விளையாட்டு அதிகாரி என்ற பதவி. பட்டம் வேண்டும். பல்கலைக்கழகங்கள் தாங்களே விளம்பரம் செய்து எடுக்கின்றன. 2024 டிசம்பரில் வந்த புதிய அரசு ஊதிய முறையில் தரக் குறியீடுகள் மாறிவிட்டன. பழைய விளம்பரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்த நாற்காலியில் இருப்பவர்தான் மாசும் எனப்படும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கும் சுக்கிப்ட் எனும் உயர்கல்வி நிறுவனங்களின் போட்டிக்கும் பேருந்து பிடிப்பவர், ஜெர்சி வாங்குபவர், பகுதிநேரக் கோச்சை நியமிக்கக் கடிதம் எழுதுபவர். சில நேரம் அந்தக் கோச்சும் அவராகவே இருப்பார்.

கணக்கியலோ பொறியியலோ படிக்கப் போகிறீர்களா? அதுவும் நல்லதுதான். கம்பாரின் யூடார் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்துக்கொண்டே அங்கேயே அணிக்கு மேலாளராக, உதவிப் பயிற்றுநராகச் சேரலாம். கோச் ஆக விளையாட்டு அறிவியல் பட்டம் கட்டாயமில்லை. சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான்.

சான்றிதழ் தேசியப் பயிற்றுநர் அகாடமியின் எஸ்.பி.கே.கே. திட்டத்தில் கிடைக்கும். மூன்று நிலைகள். ஒவ்வொன்றிலும் விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, குறிப்பிட்ட விளையாட்டு ஒரு பகுதி, செய்முறை ஒரு பகுதி. அறிவியல் பகுதியைப் படிவம் ஆறிலோ கல்லூரி முதலாண்டிலோ முடித்துவிடுங்கள். உடற்கூறு, ஊட்டச்சத்து, காயம் என்று மலாயில் எழுத வேண்டியிருக்கும். பள்ளிப் பாடம் மறப்பதற்குள் எழுதுவது சுலபம். கூடைப்பந்துப் பகுதியைச் சங்கம் எப்போது நடத்துகிறது என்பதற்கு மாநிலச் சங்கத்தின் அறிவிப்பைப் பின்தொடருங்கள். இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். முதலுதவிச் சான்றிதழையும் சேர்த்து எடுங்கள்.

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் அங்கே கல்லூரிக்குக் கல்லூரி 'உடற்கல்வி இயக்குநர்' என்று நிரந்தரப் பதவியே இருக்கிறது. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி அந்தப் பரம்பரைக்கு வித்திட்டது. பயிற்றுநர் பட்டயம் வேண்டுவோர் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டுக் கழகத்துக்குப் போவார்கள். அங்கும் ஆட்டக்காரர்கள் சம்பள வேலையை விடுவதில்லை. பத்மஸ்ரீ வாங்கிய சென்னை அனிதா பால்துரை இந்திய அணிக்குப் பல ஆண்டுகள் ஆடிய காலத்தில் தென்னக ரயில்வே ஊழியர்.

இருபது பிள்ளைகள், ஐந்து பந்துகள்

இப்போது வேலைக்கு வருவோம். உங்களுக்கு முதலில் கிடைப்பது கல்லூரி அணியாக இருக்காது. ஏதோ ஓர் இடைநிலைப்பள்ளியின் 15 வயதுக்குட்பட்டோர் அணி. இருபது பிள்ளைகள், ஐந்து பந்துகள் (அதில் ஒன்றில் காற்று நிற்காது), ஒரு தளம், ஒன்றரை மணி நேரம். இங்கே நீங்கள் செய்வதுதான் பிற்காலத்தில் உங்களைக் கல்லூரிக்குக் கொண்டுபோகும்.

புதுக் கோச்சுகள் எல்லாரும் செய்யும் தவறு: இருபது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி லே-அப் போடச் சொல்வது. ஒரு பிள்ளைக்கு ஆறு விநாடி என்று வைத்துக்கொண்டால், மறுபடி அதன் முறை வர இரண்டு நிமிடம். பத்து நிமிடத்தில் ஐந்து தடவை பந்தைத் தொட்டிருக்கும். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனைக் கிள்ளிக்கொண்டிருக்கும். அதே பத்து நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். ஒரு வளையத்தில் ஐந்து பேர் இரண்டு பந்தோடு லே-அப். மறு வளையத்தில் ஐந்து பேர் இரண்டு பந்தோடு பக்கவாட்டிலிருந்து எறிதல். எறிந்தவனே பந்தை எடுத்து அடுத்தவனுக்குப் பாஸ் கொடுக்க வேண்டும். நடுக்கோட்டில் ஐந்து பேருக்குப் பந்தே வேண்டாம்: ஓடிவந்து இரண்டு காலில் நிற்பது, ஒரு காலை ஊன்றிச் சுழல்வது. ஓரத்தில் மீதி ஐந்து பேர் காற்றில்லாத பந்தோடு மார்புக்கு நேராகப் பாஸ். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாற்றம். ஆளும் அதே, பந்தும் அதே, யாரும் சும்மா நிற்கவில்லை.

சுழலும் காலைக் கவனியுங்கள். தொடக்கக்காரர்களின் 'டிராவல்' தவறுகளில் பல, பந்தைப் பிடித்த பிறகு எந்தக் கால் ஊன்றிய கால் என்று தெரியாததால் வருபவை. பந்தே இல்லாமல் ஒரு வாரம் அதைப் பழக்கினால் அடுத்த மாதம் நடுவரின் விசில் குறையும். வுட்டன் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களுக்கே முதல் நாளில் காலுறையை மடிப்பில்லாமல் போடுவது எப்படி, காலணிக் கயிற்றை இறுக்குவது எப்படி என்றுதான் சொல்லிக்கொடுப்பார். கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு என்பது அவர் கணக்கு.

ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் என்றால் வளையத்தின் உயரத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 3.05 மீட்டர். மினி கூடைப்பந்துக்கு 2.60 மீட்டர், பந்தும் ஐந்தாம் அளவு. பத்து வயதுப் பிள்ளையைப் பெரிய வளையத்தில் பெரிய பந்தால் எறியச் சொன்னால் அது இடுப்பிலிருந்து தூக்கிப் போடக் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்றப் பதினைந்து வயதில் இன்னொரு கோச் படாத பாடு படுவார்.

தாப்பாவில் மழைக்கும் ஒரு திட்டம் வேண்டும். மலையடிவாரத்து ஊர். மாலையில் வானம் இருட்டினால் திறந்தவெளித் தளம் அன்றைக்கு அவ்வளவுதான். ஈரச் சிமெண்டில் ஆடவிட்டு ஒரு முழங்கால் போனால் பள்ளி உங்களை மறுபடி கூப்பிடாது. சிற்றுண்டிச் சாலையின் கூரைக்குக் கீழே ஐந்து நாற்காலிகளைப் போட்டு, தற்காப்பில் யார் எங்கே நகர்கிறார்கள் என்று நடந்து காட்டுங்கள். விதிகளில் பத்துக் கேள்வி கேளுங்கள். மழை நாளில் ஆட்டத்தைப் புரிந்துகொண்ட அணி வெயில் நாளில் குறைவாகக் கத்தவைக்கும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு ஏ-நான்கு தாள். இடப்பக்கம் நிமிடம், நடுவில் பயிற்சி, வலப்பக்கம் காலி. முடிந்ததும் அந்தக் காலி இடத்தில் எது நடந்தது, எது சொதப்பியது என்று இரண்டு வரி. கோப்பில் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு கல்லூரியின் விளையாட்டு மையத்தில் நேர்முகத்துக்குப் போகும்போது அந்தத் தடித்த கோப்பை மேசையில் வையுங்கள். கோப்பைகளின் படத்தைக் காட்டுகிற ஆள் நிறைய. கோப்பைக் காட்டுகிற ஆள் குறைவு.

ஆட்ட நேரத்தில் உங்கள் கையில் இருப்பது டைம்-அவுட். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் ஒன்பது அறிவுரை சொல்லும் கோச்சுகளைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், எதுவும் காதில் ஏறாது. முதல் பதினைந்து விநாடி தண்ணீர், உட்காருதல், மௌனம். பிறகு ஒரே ஒரு மாற்றம், பெயர் சொல்லி: "குமார், ஏழாம் நம்பரை விடாதே. அவன் இடது பக்கம் வரவே மாட்டான்." பலகையில் ஒரு கோடு. முடிந்தது. மூன்று இனப் பிள்ளைகளும் இருக்கும் அணியில் இதை மலாயில் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளையிடம் மட்டும் தமிழில் தனியாக ஏதோ சொன்னால் மற்றவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

மூன்று பேர் ஆட்டம் என்ற வாசல்

ஒரு யோசனை, கொஞ்சம் என் சொந்த ஆசையும் கலந்தது. பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பலவற்றில் மாணவர் எண்ணிக்கை சிறிது. பன்னிரண்டு பேர் கொண்ட அணி திரட்ட முடியாது. ஆனால் மூவர் கூடைப்பந்து என்று ஒன்று இருக்கிறது. 2020 தோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அணிக்கு நான்கு பேர் போதும், ஒருவர் மாற்று ஆள். பாதித் தளம், ஒரு வளையம். பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி, எது முதலில் வருகிறதோ அது. எறிய 12 விநாடிதான். ஒரு சபைக்கூடல் தளத்தில் வளையம் ஒன்றை நட்டால் ஆரம்பித்துவிடலாம். சீனச் சங்கங்களின் ஐவர் ஆட்டத்தில் இடம் பிடிக்கப் பத்தாண்டு ஆகும் என்றால், இதில் ஒரு தமிழ் ஆசிரியர் இந்த ஆண்டே மாவட்டத்தில் பெயர் சொல்லும் அணி கட்டலாம். ஒரு விசித்திரம்: இந்த ஆட்டத்தில் ஆட்டம் நடக்கும்போது கோச் எதுவும் சொல்லக் கூடாது. பிள்ளைகளே முடிவெடுக்க வேண்டும். கத்திப் பழகிய கோச்சுக்கு இது நல்ல மருந்து.

கூடைப்பந்தில் கதவு திறக்க நேரமாகிறது என்றால் பக்கத்துத் தளத்தையும் பாருங்கள். ஹாக்கியில் நம்மவர்கள் கோச் நாற்காலியில் உட்கார்ந்து பல காலம் ஆகிறது. கே. தர்மராஜ் வழிநடத்திய இளையோர் அணி 2013-இல் புதுடில்லியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் நான்காவது இடம் பிடித்தது. ஏ. அருள் செல்வராஜ் யுனிகேஎல் என்ற பல்கலைக்கழகத்தின் அணியைத் தேசிய லீக்கில் நடத்திவிட்டு, தேசிய அணிக்குப் போய், 2023 புவனேஸ்வர் உலகக் கோப்பைக்கு அதை அழைத்துச் சென்றார். பல்கலைக்கழக அணியிலிருந்து தேசிய அணிக்கு ஒரு பாதை இந்நாட்டிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பெண்களுக்கு ஒரு தனிச் செய்தி. பெண்கள் அணிக்குப் பெண் கோச் கேட்கும் பள்ளிகளும் பெற்றோரும் பெருகிவருகிறார்கள். ஆள் கிடைப்பதில்லை. கல்லூரியில் ஆடி முடித்த பெண், திருமணத்துக்குப் பிறகும் வாரம் இரண்டு மாலை ஒதுக்க வீட்டில் பேசி முடித்துவிட்டால், வேலை தேடி வரும்.

ஆண் பெண் யாராக இருந்தாலும் ஒன்றில் சமரசம் வேண்டாம். மாணவரிடம் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். வாட்ஸ்ஆப் குழுவில் பெற்றோரையும் சேருங்கள். ஒற்றைப் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் சிறுவர் பாலியல் குற்றச் சட்டம், தப்பு செய்கிறவரை மட்டும் பிடிப்பதில்லை. தெரிந்தும் புகார் செய்யாதவரையும் பிடிக்கிறது. உங்கள் சக கோச்சைப் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால் "சும்மா இரு" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

கடைசியில், அம்மாவின் கேள்வி

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். பகுதிநேரக் கோச்சுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குப் பெரும்பாலும் 'ஒரு பயிற்சிக்கு இவ்வளவு' என்றுதான் கூலி. பள்ளி விடுமுறையில் பயிற்சி கிடையாது, தேர்வுக் காலத்தில் கிடையாது, நோன்பு மாதத்தில் பாதி. ஆகவே பயிற்சி வருமானம் விடுமுறை மாதங்களையும் சேர்த்து முழு ஓராண்டு உங்கள் பகல் வேலைச் சம்பளத்தைத் தாண்டாதவரை பகல் வேலையை விட வேண்டாம். சொந்தத்தில் பயிற்சி மையம் தொடங்கினால் ஊழியர் சேமநிதியான கேடபிள்யூஎஸ்பி-யின் ஐ-சாராஆன் திட்டத்தில் நீங்களாகவே கட்டுங்கள், அரசும் ஒரு பங்கு போடுகிறது. பெர்கெசோவின் சுயதொழில் காப்புறுதியையும் எடுத்துவிடுங்கள். கோச்சின் கணுக்காலும் சுளுக்கும்.

எந்தக் கல்லூரியோ பள்ளியோ கூப்பிட்டாலும் நியமனக் கடிதம் இல்லாமல் முதல் விசில் ஊதாதீர்கள். "நம்ம சார்தானே, பாத்துக்கலாம்" என்று சொல்லுவார்கள். சிரித்துக்கொண்டே கடிதம் கேளுங்கள். அதில் நாலு விவரம் இருக்க வேண்டும்: எத்தனை பயிற்சி, ஒன்றுக்கு எவ்வளவு, வெளியூர்ப் போட்டிக்குப் பயணப்படி உண்டா, பணம் எந்தத் தேதியில் வரும். ஐந்தாவதாக, மழையால் ரத்தான பயிற்சிக்குக் கூலி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தாப்பாவில் அது சின்னத் தொகை ஆகாது.